வெள்ளிக்கிழமை கடைசி பீரியடும் ஒரு முறம் தவிடும்

மேரிராணி டீச்சரின் ஸ்கூட்டி சூளகிரியில் கிளம்பினால் எங்கள் ஊர் நாய்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். சைலன்சர் செத்துப்போன வண்டி. பள்ளிக்கூடத்துக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கே என் அடுப்பில் பால் பொங்கும் என்றால் என் வீட்டுக்காரி நம்புவதில்லை.

டீச்சர் முன்னால் ஓசூரில் ஒரு கம்பெனியில் சின்னச் சின்ன சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் பற்ற வைத்தவர். எட்டு மணி நேரம் வாய் திறக்கக் கூடாத வேலை. அங்கே சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் இறக்குகிறார். வாத்தியார் படிப்பு படித்திருந்ததால் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் பாதியாகிவிட்டது. சிரிப்பு மட்டும் இரண்டு மடங்கு.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவார். ஒரு பிள்ளை அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தன் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். டீச்சர் மற்ற பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கேட்பார். அந்த நேரத்துக்குச் சரியாக நான் அவருக்கு டீ கொண்டு போவேன். டீ ஆறிப் பனிக்கட்டி ஆகும்வரை ஜன்னல் பக்கம் நின்று கதை கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.

எருது விடும் விழாவில் மாட்டைப் பிடிக்கப் போன அப்பாவை மாடு பிடித்துக்கொண்ட கதையை முனீஸ்வரன் சொன்னான். அந்த அப்பா பாவம், ஒரு வாரம் என் கடைப் பக்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போனார். பிரியாவின் அம்மாவுக்குக் கன்னடம், அப்பாவுக்குத் தெலுங்கு. கல்யாணமான முதல் வருஷம் முழுக்கச் சண்டை போட்டும் ஒருவருக்கும் காயமில்லை என்று அவள் சொன்னபோது டீச்சர் தரையில் படுத்துச் சிரித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, "அடுத்த வாரம் நீங்க பொறந்த கதை. வூட்ல கேட்டுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

சுசித்ரா அந்த வகுப்பில் படிக்கிற பெண். அவள் அப்பா ஆனந்தராஜ் சூளகிரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறார். பொய் சொல்வதில் இந்தச் சுற்றுவட்டத்தில் எனக்குப் போட்டி அவர் ஒருவர்தான். ஷிப்டு முடிந்து வந்தவரிடம் பெண் கேட்டிருக்கிறாள்.

"நீ எங்க பொறந்த? பேரிகைச் சந்தையில ஒரு மொறம் தவுட்டுக்கு வாங்கியாந்தோம்" என்றார்.

ஊரில் எல்லாப் பிள்ளையையும் சீண்டுகிற பேச்சுதான் அது. ஆனால் எப்போதும் அவர் பேச்சுக்குச் சிரிக்கிற அம்மா ரூபா, அன்றைக்குச் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு புழக்கடைக்குப் போய்விட்டார். பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

அடுத்த வெள்ளி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "நான் எங்கூட்ல பொறக்கல. தவுட்டுக்கு வாங்கனாங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஜன்னலில் நானும் சிரித்தேன்.

"மிஸ், என்னை வித்தவங்க இப்ப எங்க இருப்பாங்கோ? அவங்களுக்கு என்னைத் தேடாதா?"

டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் டீயை ஜன்னலிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் ரூபாவை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "ஏங்க, சோறு போடுங்க" என்று கேட்டாளாம். பேரிகைக்கு எந்த பஸ் போகும் என்று என் கடையிலேயே வந்து விசாரித்தாள். இந்த ஊருக்கு பஸ்ஸே வராது, ஏரோப்ளேன்தான் வரும் என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை மத்தியானம், தன் காலை ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ரூபாவை டீச்சர் என் கடையிலேயே பிடித்துக்கொண்டார்.

"ரூபா, வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு ஒரு வார்த்தை நீங்களே சொல்லிடுங்க. புள்ள மனசுல வெச்சுகினு சுத்துது."

"வெளையாட்டு இல்ல மிஸ்" என்றார் ரூபா. "நெசமாவே வாங்கனோம்."

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ரூபா நின்றுகொண்டே சொன்னார். சுசித்ராவுக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. ஒன்று மாசம் தாண்டவில்லை. இன்னொன்று அழவே இல்லை. மூன்றாவதாக இவள் பிறந்ததும் எதிர் வீட்டுக் கெம்பம்மா வந்து, பிள்ளையை முறத்தில் வாங்கி, குப்பைமேட்டில் போட்டு, பிறகு தன் பிள்ளை என்று எடுத்துக்கொண்டார். ரூபா ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து விலைக்கு வாங்கினார். யாரோ வேண்டாமென்று குப்பையில் போட்டது, இவர்கள் பெற்றதில்லை என்று எமன் ஏமாந்து போவதற்காக.

"அப்ப நீங்க பெத்த புள்ளதானே. அதச் சொல்லுங்க."

"எப்பிடி மிஸ் சொல்றது? நான் பெத்ததுன்னு இன்னிவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்ல. அவரும் சொன்னதில்ல, அதான் சந்தை, தவுடுன்னு ஒளறிகினு கீறாரு. சொல்லி, அது காதுல வுழுந்துட்டா?"

எது காதில் என்று டீச்சர் கேட்கவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். இதெல்லாம் மூட நம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம். என் கடையில் அதற்குத் தடையில்லை, கட்டணமுமில்லை. செய்யவில்லை.

"நான் சொல்ல மாட்டேன் ரூபா. அது உங்க கதை. வெள்ளிக்கெழம நீங்களே வாங்க. சொல்ல முடிஞ்ச வரைக்கும் சொல்லுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆனந்தராஜ் தன் பைக்கில் ரூபாவைக் கொண்டுவந்து விட்டார். அவர் உள்ளே போகவில்லை. என் கடையில் டீ வாங்கி, ஒரு பொய்கூடச் சொல்லாமல் குடித்தார். எனக்கே பயமாகிவிட்டது. டீச்சருக்கு டீ எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

கம்பெனிச் சட்டையோடு ரூபா நாற்காலியில் உட்கார்ந்து முறத்தையும் தவிட்டையும் சொன்னார். இரண்டு குழந்தைகளையும் சொன்னார்.

"அந்த பாப்பாங்க பேரு என்னா?" என்று பிரியா கேட்டாள்.

"பேரு வெக்கறதுக்குள்ள போய்டுச்சுங்கோ."

சுசித்ரா எழுந்து நின்றாள். "என்னை வித்தது கெம்பம்மா பெரிம்மாவா?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடி நான் யாருக்குப் பொறந்தேன்?"

ரூபா வாசலைப் பார்த்தார். யாரோ அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரக் காத்திருப்பதுபோலப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சுசித்ராவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது.

மேரிராணி தரையிலிருந்து எழுந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலில் நின்ற என் மூக்குக்கு நேராக ஒரு கதவை அடைத்தார். இன்னொன்று துருப்பிடித்து நகரவில்லை. அதன் வழியாகத்தான் மீதியைப் பார்த்தேன்.

"எல்லாரும் எந்திரிங்க. ஏழாம் வாய்ப்பாடு. பேரிகை வரைக்கும் கேக்கணும். பக்கத்துல இருக்கறவங்க பேசறதுகூட யாருக்கும் கேக்கக் கூடாது, அவ்ளோ சத்தம்."

பிள்ளைகளுக்குக் கத்தச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஓரேழு ஏழு என்று ஆரம்பித்த சத்தத்தில் என் கையிலிருந்த டீ தளும்பியது. நெடுஞ்சாலையில் லாரிகள் ஒதுங்கியிருக்கும். அந்தச் சத்தத்துக்குள் ரூபா நாற்காலியிலிருந்து இறங்கி மண்டி போட்டு, பெண்ணின் காதில் வாயை வைத்தார்.

என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எமனுக்கும் கேட்டிருக்காது.

ஏழு முடிந்து வகுப்பு மூச்சு வாங்கியது. சுசித்ரா ரூபாவின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அம்மா, இன்னொரு வாட்டி சொல்லு."

ரூபா டீச்சரை நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டாம் வாய்ப்பாடு" என்றார் மேரிராணி. எட்டாம் வாய்ப்பாடு அந்த வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினார்கள். டீச்சர் ஒரு தப்பைக்கூடத் திருத்தவில்லை.