தீவில் உடைத்த பூசணிக்காய்

செஞ்சியில் இருந்த நிலத்தை விற்று, இந்தோனேசியாவில் ஒரு தீவுக் கிராமத்தில் குத்தகை மனை எடுத்து, சுற்றுலா வருகிறவர்களுக்காக மூன்று அறைகள் கட்டினேன். கட்டி முடித்த நாளிலிருந்து ஊரே வாசலில் நின்று பார்த்தது. செஞ்சியிலிருந்து மனைவி போனில் சொன்னாள்: "எல்லார் கண்ணும் படுது. இன்னிக்கு அமாவாசை, ஒரு பூசணிக்கா சுத்தி ஒடைச்சிடுங்க."

மேல்மலையனூர்க் குங்குமத்தை உள்ளே தாராளமாகக் கொட்டி, சாயங்காலம் வாசலில் உடைத்தேன்.

விடிந்ததும் வெளியே ஒரே சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஊரே திரண்டிருந்தது. துண்டுகளை ஆடுகள் தின்றுவிட்டிருந்தன. ஈரமண்ணில் சிவப்பு மட்டும் மிச்சம். ஊர்க்கட்டுப்பாடு எதையாவது மீறிவிட்டேனா? துரத்தப் போகிறார்களா? கதவைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டு மீன்காரப் பெண் என் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கணவர் கட்டுத்துணியோடு நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போகப் படகு தயாராக இருந்தது.

"எங்கே அடிபட்டது? இவ்வளவு ரத்தம் போயிருக்கிறதே" என்று அவர்கள் பாஷையில் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

அந்தக் கண்ணுக்குப் பயந்துதான் நான் பூசணிக்காய் உடைத்திருந்தேன்.