ஐந்து நாள் பாஸ்

என் வீட்டுக்காரருக்கு எதையும் வீணாக்கினால் பிடிக்காது. பெண் பார்க்க வந்தபோதே தட்டில் ஒரு சேவுத் துணுக்கைக்கூட மிச்சம் வைக்கவில்லை என்று என் அம்மா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அமெரிக்காவில், மில்பிடாஸில் நாங்கள் இருந்த அபார்ட்மென்டில் கெட்சப் பாக்கெட், ஓட்டல் சோப்பு, விமானத்தில் கொடுத்த மிளகுப் பொட்டலம் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு டிராயர் இருந்தது. அப்படிப்பட்ட மனுஷன் கையில் பாரிஸைச் சுற்றிப் பார்க்க ஒரு பாஸ் கிடைத்தது.

நாங்கள் கிளம்பியது என் அப்பாவைப் பார்க்க. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் என் வீட்டுக்காரரே இதை மறந்துவிட்டார். தொண்ணூறுகளின் கடைசி அது. கல்யாணமாகி அமெரிக்கா வந்த பிறகு நான் சென்னைக்குப் போகவே இல்லை. போனால் திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பயத்தைக் காட்டித் தள்ளிப்போட்டார். அதற்குள் அப்பாவுக்கு ஒரு ஹார்ட் அட்டாக் வந்து போய்விட்டது. அதன் பிறகு போனில் அப்பா வேறு எதுவும் கேட்பதில்லை, எப்பம்மா வர்ற என்பதைத் தவிர. நானும் வரேன்ப்பா, வரேன்ப்பா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக இவர் டிக்கெட் போட்டார். பாரிஸ் வழியாக. அங்கே இறங்கித் தங்கிவிட்டுப் போனாலும் கட்டணம் அதேதான் என்று கண்டுபிடித்துவிட்டார். கூடவே, குபெர்டினோவில் இவரோடு வேலை செய்த ஒருவர் அந்தப் பாஸைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். ஒரே பாஸ், மியூசியம், அரண்மனை, கோபுரம், கல்லறை எல்லாவற்றுக்கும் செல்லும், வரிசையில் நிற்க வேண்டாம், எத்தனை இடம் பார்க்கிறோமோ அத்தனை லாபம். ஒரு நாள் பாஸ் உண்டு, மூன்று நாள் பாஸ் உண்டு, ஐந்து நாள் பாஸ் உண்டு. இவர் எதை எடுப்பார் என்று சொல்ல வேண்டுமா?

எனக்கு அங்கே ஒன்றும் பார்க்க வேண்டாம், நேராக ஊருக்குப் போகலாம் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது.

"உங்கப்பா எங்க ஓடிப்போகப் போறார்? அஞ்சே நாள்."

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரிலிருந்து சாவுச் செய்தியைப் போனில் சொல்லமாட்டார்கள். உடம்புக்கு முடியலை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே கிளம்பி வா என்பார்கள். பாவம், பறந்து வருகிற பிள்ளை வழியெல்லாம் அழக்கூடாது என்று ஒரு கரிசனம். எங்கள் காம்ப்ளெக்ஸில் மாடியில் இருந்த பையனுக்கு அப்படித்தான் போன் வந்தது. அம்மாவைக் காப்பாற்ற மருந்து, மாத்திரை, பிரஷர் பார்க்கிற மெஷின் எல்லாம் வாங்கிக்கொண்டு ஓடினான். போய்ப் பார்த்தால் பால் தெளித்து முடித்திருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் இது பாடமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் அதில் நிபுணர். யாருக்காவது ஊரிலிருந்து அப்படிப் போன் வந்தால், முடிஞ்சிருக்கும், அவசரப்பட்டு இருக்கிற விலையைக் கொடுத்து டிக்கெட் எடுக்காதீங்க என்று ஆலோசனை சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார்.

பாரிஸில் இறங்கிய அன்றே பாஸைத் தொடங்கிவிட்டார். தூக்கம் இல்லை, குளியல் இல்லை, பெட்டியை ஓட்டலில் எறிந்துவிட்டு ஓட்டம். பெரிய மியூசியத்துக்குள் நுழைந்தோம். எல்லாரும் கூட்டமாக நிற்கிற அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்தோம். நான் எட்டிப் பார்ப்பதற்குள் போதும் வா என்றார். சாயங்காலம் ஓட்டலுக்குப் பக்கத்தில் சிகரெட் கடையில் ஒரு போன் கார்டு வாங்கி, எந்த விமானத்தில் வருகிறோம் என்று சொல்வதற்காகத் தெருவோர பூத்திலிருந்து என் வீட்டுக்குப் போன் செய்தார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்: மாப்பிள்ளை முதலில் பேசுவார், கார்டில் மிச்சம் இருந்தால் நான்.

அன்று மிச்சம் இல்லை. கார்டு தீர்ந்துவிட்டது என்று வெளியே வந்தார். எல்லாரும் நல்லா இருக்காங்க, உன்னைக் கேட்டாங்க என்றார்.

பூத்துக்குள் என் அண்ணன் சொன்னது என்ன என்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் அது ஐந்து நாள் கழித்துத் தெரிந்தது, உங்களை ஏன் காக்க வைக்க வேண்டும்? "மாப்ள, அப்பா ஐ.சி.யூ.ல இருக்காரு. அவளையே கேக்கறாரு. டிக்கெட்ட மாத்திட்டு உடனே கெளம்பி வாங்க." இவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு, பூத்தின் கதவைத் திறந்து வெளியே வருவதற்குள், என் அப்பாவை இவர் சாகடித்துவிட்டார். போனில் இப்படிச் சொன்னால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். போனவரை மறுநாளே எடுத்துவிடுவார்கள். நாங்கள் பறந்து போனாலும் முகம் பார்க்க முடியாது. அப்படியிருக்க, இன்னும் நாலு நாள் செல்லுபடியாகும் பாஸை எதற்கு வீணாக்குவது?

மறுநாள் காலையிலிருந்து மனுஷன் அடியோடு மாறிவிட்டார். என் கைப்பையை அவரே தூக்கிக்கொண்டார். பேக்கரியில் கேட்காமலே எனக்கு இரண்டு ரொட்டி வாங்கினார். ஊர் நடுவில் இருக்கிற பெரிய வெற்றி வளைவின் உச்சியில் மூச்சு வாங்கியபடி நின்றபோது, உட்காரும்மா, மெதுவாப் போலாம் என்றார். மெதுவாப் போலாம் என்று அந்த வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. வெளியூர்க் காற்று பட்டு மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன், கழுதை நான். என் அப்பா மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்த புருஷனைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பாஸில் இருந்த ஒன்றையும் விடவில்லை. ஈஃபில் கோபுரம் பாஸில் இல்லை, அதனால் அதைக் கீழேயிருந்தே பார்த்தோம். ஊர்ச் சாக்கடைக்குள் இறங்கிப் பார்க்கிற மியூசியம் ஒன்று பாஸில் இருந்தது, அதனால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதற்குள் இறங்கினோம். சைதாப்பேட்டைப் பாலத்தில் காசில்லாமலே கிடைக்கிற நாற்றத்துக்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று கேட்டேன். அதற்கும் கோபிக்கவில்லை. ஒரு சக்கரவர்த்தியின் கல்லறைக்கும் போனோம். பளபளவென்று சிவப்புக் கல்லில் பெரிய பெட்டி. எல்லாரும் சுற்றிநின்று குனிந்து பார்க்கும்படி கட்டியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று, எல்லாரும் ஒரு நாள் போகவேண்டியதுதான் என்றார். என்னைத் தயார்ப்படுத்துகிறாராம். நான் அந்தச் சக்கரவர்த்தியைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

நடுவில் இரண்டு தடவை வீட்டுக்குப் பேசவேண்டும் என்றேன். ஒரு தடவை, அங்கே இப்போது தூங்கும் நேரம் என்றார். இன்னொரு தடவை, நாளை மறுநாள் நேரிலேயே பேசப்போகிறாய், எதற்குக் கார்டு என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஐந்தாம் நாள் ஊருக்கு வெளியே வெர்சாய் அரண்மனை. கண்ணாடிக் கூடம், ராஜா கட்டில், ராணி கட்டில் எல்லாம் முடிந்தது. மூடப்போகிறோம் என்று காவலர்கள் எல்லாரையும் வெளியே விரட்டினார்கள். பாஸின் உயிர் அத்துடன் முடிந்தது. தோட்டத்தில் ஒரு பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்.

"அழாம கேக்கணும். உங்கப்பா தவறிட்டார்மா. நாம வந்த அன்னிக்கே."

யார் சொன்னார்கள் என்றேன். அண்ணன் போனில் சொன்னதாகச் சொன்னார். வந்த அன்றைக்கேவா என்றேன். ஆமாம் என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தேன். என் பார்வைக்கு அவர் பதில் சொன்னார்.

"சொல்லியிருந்தா நீ எதையாவது பாத்திருப்பியா?"

அந்தக் கழுத்தை அங்கேயே நெரித்திருக்க வேண்டும். நெரிக்கவில்லை. அழுதுகொண்டே ரயிலில் வந்தேன். வழியில் பூத்தைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் போன் போட வைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. எல்லாரும் காரியத்துக்குப் போயிருப்பார்கள் என்றார். நானும் நம்பினேன். உண்மையில் வீட்டில் இருந்த அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில் என் அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

தீட்டு, தலைக்குக் குளித்துவிடு என்றார். ஓட்டலில் குளியலறை வராந்தாவின் கோடியில், ஒரு மாடிக்கே ஒன்று. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தலைமேல் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். அப்பா, அப்பா என்று சுவரில் முட்டிக்கொண்டேன். யாரோ வெளியே கதவைத் தட்டி அவர்கள் பாஷையில் திட்டினார்கள். எனக்குப் பிறகு அவரும் முறையாகத் தலைக்குக் குளித்தார். மாமனார் அல்லவா.

மறுநாள் விமானம். நடுவில் ஓர் அரபு நாட்டில் மாறி, விடிகாலையில் சென்னை. அண்ணன் வந்திருந்தான். கண்கள் வீங்கி, நாலைந்து நாள் தாடியோடு. என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். ஐந்து நாளாக நீ ஒருத்தனே எப்படிடா தாங்கின என்று நான் கேட்டேன். அவன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"என்னம்மா சொல்ற? நேத்து மத்தியானம்தான் போனாரு. காலைல வரைக்கும் பேசிட்டிருந்தாரு. ஃபிளைட் வந்துடுச்சான்னு கேட்டுட்டே இருந்தாரு."

பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, அன்னிக்கே சொன்னேனே மாப்ள என்றான். இவர் வண்டியில் இருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே, நீங்க ஐ.சி.யூ.ன்னு சொன்னதும் நான் வேற மாதிரி நெனச்சுட்டேன் என்றார். அண்ணன் கை நீட்டி அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் அடிக்கவில்லை.

"ஐ.சி.யூ.ல இருந்தாரு, ஐ.சி.யூ.ன்னு சொன்னேன்" என்றான்.

அப்பாவை வீட்டுக் கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். எனக்காகத்தான் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் இருந்தவரைக் குனிந்து பார்த்தேன். எடுத்துக்கொண்டு போன பிறகு, பெண்கள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரே அப்பாவுக்கு இரண்டு தடவை தலை முழுகினவள் நான். அதில் ஒரு தடவை, அவர் உயிரோடு இருந்து என் விமானம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் புருஷனை விட்டுவிட்டு வரவேண்டியதுதானே என்று கேட்பவர்கள் கேளுங்கள். என் விசாவே அவர் விசாவின் வாலில் தொங்கியது. வேலை பார்க்க எனக்கு அனுமதி கிடையாது. வயிற்றில் பிள்ளை இருந்தது அடுத்த மாதம் தெரிந்தது. திரும்பினேன். அந்த விஷயத்தை அவர் அதன் பிறகு எடுக்கவே இல்லை. என்னிடம் ஒரு சாரி சொன்னதில்லை. சென்னையில் இருந்தவர்கள் போனில் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று யாரிடமோ சொன்னதை மட்டும் அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

ஆனால் பாரிஸ் என்றால் எங்கள் வட்டாரத்தில் இவரைத்தான் கேட்பார்கள். பாஸ் வாங்கி ஒரு இடம் விடாமல் பார்த்த ஆள் என்று பெயர். அதற்கு இரண்டு வருஷம் கழித்து சான் ரமோனிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வீட்டுக்குச் சாப்பிட வந்தது. ஊருக்குப் போகும் வழியில் அங்கே இறங்கப்போகிறார்கள். அந்தப் பையன் ஆர்வமாகக் கேட்கக் கேட்க இவர் சொல்லிக்கொண்டே போனார்: எதை முதலில் பார்க்க வேண்டும், எங்கே காலையில் போனால் கூட்டமிருக்காது, ஐந்து நாள் பாஸ்தான் கட்டுப்படியாகும். சாக்கடை மியூசியத்தைக்கூட விடவில்லை. நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மரியாதைக்கு என் பக்கம் திரும்பி, அக்கா, நீங்க ஏதாவது டிப்ஸ் சொல்லுங்க என்றாள். அவளுடைய அப்பா அம்மா மதுரையில் இருக்கிறார்கள் என்று சற்று முன்தான் சொல்லியிருந்தாள்.

"வீட்டுக்குப் போன் பண்றப்ப பூத்துக்குள்ள நீ போ. அவர வெளிய நிக்க வை" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தப் பையனும் சிரித்தான். என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சோறு பாதிக்கு மேல் இருந்தது. அவர் கையை உதறிக்கொண்டு எழுந்து போனார், நான் அதை வழித்துக் குப்பையில் போட்டேன்.