அவள் புருஷனுக்குக் கிடைத்த விலை

லாயாங் லாயாங் என்ற ஊரின் ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்காரி அவள். ஒல்லியான உடம்பு, பெரிய கண்கள். எதைக் கேட்டாலும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டுதான் பதில் சொல்வாள்.

ஒரே வருஷத்தில் இருவரும் தாலி அறுத்தோம். அவள் புருஷன் ஆலையில் ரப்பர் அழுத்தும் இயந்திரத்தில் சிக்கிச் செத்தான். என் புருஷன் மலேரியாக் காய்ச்சலில் போனான். வேலையில் செத்தால்தான் நஷ்டஈடு என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. அந்தப் பணத்தில் அவள் பசுமாடு வாங்கினாள். அவள் பால் கறக்கும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். என் புருஷனும் அதே தோட்டத்துக்குத்தானே உழைத்தான்?

ஒருநாள் குழாயடியில் கேட்டேவிட்டேன்.

“ஒம் புருசன் உசுருக்கு வெல குடுத்தாங்க. எம் புருசன் உசுரு என்ன, நாய் உசுரா?”

அவள் கோபப்படவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, ஒங்க வீட்டுக்காரரு சாவறப்ப தல எங்க இருந்துச்சு?”

“எம் மடியில.”

“எனக்கு மூஞ்சியக்கூட காட்டலக்கா. துணியில சுத்திக் கொண்டாந்தாங்க, பிரிக்கக்கூடாதுன்னுட்டாங்க. ஒங்களப் பாக்கறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு அவள் மாட்டை விற்றுவிட்டுத் தங்காக் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அந்தச் சாவையும் இந்தச் சாவையும் மாற்றிக்கொள்ளலாம் என்றால், அவள் அப்போதே சரி என்றிருப்பாள். நான் மாட்டேன் என்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் பிள்ளைகள் பசியில் அழுத நாட்களில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியவில்லை.