கையைத் தூக்கு

காலையில் படியிறங்கும்போது என் இரண்டு முழங்கால்களும் முனக ஆரம்பித்துவிடுகின்றன. கல்லூரியில் இவற்றை நம்பித்தான் குதித்தேன். மலேசியாவின் ஈப்போவில் கூடைப்பந்து என்றால் சீனப் பையன்கள் என்றிருந்த நாளில், ரப்பர் பால்மரத் தோட்டத்திலிருந்து போன நான் அணித்தலைவனானேன். என் ஒருவனை மறிக்க எதிரணி இரண்டு பேரை நிறுத்தும். மாநில அணிக்குப் போவேன் என்றார்கள். போகவில்லை. ஆசிரியர் வேலைக்குப் போனேன். முப்பது வருஷமாக ஓர் இடைநிலைப்பள்ளியில் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர்.

பயிற்சியாளர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பந்துக்குக் காற்றடிப்பது, மழை விட்டதும் ஆடுகளத்துத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளுவது, வேன் பிடிப்பது, பெற்றோர் வரும்வரை வாசலில் நிற்பது. அலுத்துவிட்டது. எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு விதி. ஃபவுல் செய்தால், நடுவர் காட்டுமுன் தானே கையைத் தூக்க வேண்டும். முன்பெல்லாம் எல்லோரும் தூக்குவார்கள், இப்போது என் பிள்ளைகள் மட்டும்தான். தூக்காதவளை உட்காரவைத்துவிடுவேன்.

இந்த வருஷத் தலைவி என் தோட்டத்துக் குடும்பத்துப் பெண். தோட்டம் எப்போதோ தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளாகிவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்கு எல்லோரும் போவோம். அவள் அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை செய்ய நாள் குறித்திருந்தார்கள். அது நல்லபடியாக முடியப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தாள்.

திருவிழாவுக்கு ஐந்து நாள் முன்னால் அரையிறுதி ஆட்டம். காப்பு கட்டிய பிள்ளைகள் ஆடுவது புதிதில்லை. கையில் எதுவும் கட்டியிருக்கக் கூடாதென்பது விதி, ஆனால் மேலே பிளாஸ்டர் சுற்றிவிட்டால் நடுவர்கள் விட்டுவிடுவார்கள். அன்று முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டர் இல்லை. தீர்ந்து மூன்று வாரமாகியிருந்தது, நாளைக்கு வாங்கலாம் என்றே ஓட்டியிருந்தேன். நடுவர் கயிற்றைப் பார்த்து மறுப்பாகத் தலையாட்டினார்.

"தாக் போலே," முடியாது என்று மலாயில் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

எதிரணியிடம் பிளாஸ்டர் கேட்டிருக்கலாம். அவ்வளவு தூரம் நடக்க அலுப்பு, அதுதான் உண்மை. கத்தரிக்கோலை எடுத்தேன்.

"சார், பூசாரிதான் அவுக்கணும்," என்றாள்.

"கயிறுதானம்மா. கோயில்ல வேற கட்டிக்கலாம்லா."

கையை நீட்டினாள். நான் சொன்னால் மறுபேச்சில்லாமல் செய்யும்படி நான்தானே பழக்கியிருந்தேன். வெட்டினேன். அவள் நன்றாகத்தான் ஆடினாள். நாங்கள் தோற்றோம்.

திருவிழாவன்று அவள் அம்மா என்னைக் கோயிலில் ஓரமாக அழைத்துப் போனார். முகம் வற்றிக் கிடந்தது. பெண் வெறுங்கையோடு பின்னால் நின்றாள்.

"அண்ணே, நீங்க அங்கதான இருந்தீங்க? ஆட்டத்துல காப்பு தானா அறுந்துருச்சுங்கிறா. ஆத்தா ஏதோ காட்டுறாண்ணே. திங்கக்கிழமை ஆபரேசன். வேணாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

பெண்ணைப் பார்த்தேன். தரையைப் பார்த்தாள். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறாள். அது இவ்வளவு தூரம் போன பிறகு, திரும்ப எடுக்கத் தெரியாமல் தவித்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. சாமிக் கயிற்றை வெட்டினவன் என்று சாகும்வரை சொல்வார்கள். "ஆமாம், அறுந்துருச்சு" என்று சொல்லிவிட்டு அன்னதானப் பந்தியில் போய் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

பிறகு கையைத் தூக்கினேன். நிஜமாகவே தூக்கினேன், அத்தனை சனமும் பார்க்க.

"நான்தான் தங்கச்சி வெட்டினேன். பிளாஸ்டர் வாங்கி வைக்கல. எல்லாம் என் சோம்பேறித்தனம்."

"கத்தரிக்கோலாலயா?"

"ஆமா."

அவர் தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மனுசன் செஞ்ச வேலைதானா? ஆத்தா செய்யலையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"உங்களுக்கு அறிவிருக்காண்ணே?"

இல்லை என்றேன். அப்போது அவருக்குப் பின்னால் இன்னொரு கை மெல்ல உயர்ந்தது, காப்பில்லாத கை.

"நானும்தான்மா," என்றாள் பெண். "பொய் சொல்லிட்டேன்."

அம்மா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து, உயர்ந்திருந்த அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

"வா, பூசாரி வேற கட்டிவிடுவாரு. திங்கக்கிழமை அப்பாவோட ஆஸ்பத்திரிக்குப் போவணும்."