பதினெட்டு அறைகளும் கரியாலூர் பஸ்ஸும்

உல்லாசக் கப்பலில் அறை துப்புரவு செய்கிறவனுக்குப் பயணிகளின் முகத்தைவிட அவர்களுடைய தலையணைகள்தான் நன்றாகத் தெரியும். யார் தூங்கவில்லை, யார் அழுதார்கள், யார் வீட்டிலிருந்தே தலையணை கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் காலை பத்து மணிக்குள் விளங்கிவிடும். எனக்குப் பதினெட்டு அறைகள். கள்ளக்குறிச்சியில் எட்டாவதோடு நின்றுவிட்டவன் நான். ஆங்கிலம் கற்றது ஓட்டல் மெனு அட்டைகளிலும், பொட்டலம் கட்டி வந்த பழைய பேப்பர்களிலும்தான். அதனால் பயணிகள் பேசியதை இங்கே நம் பேச்சிலேயே எழுதுகிறேன். அன்றைக்கு என் காதில் அப்படித்தான் விழுந்தது.

வீட்டில் ஒருத்தரை விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கை ஒரு வேலை செய்துகொண்டிருக்கும், மனசு வேறு எங்கேயோ நிற்கும். என் மனசு, எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், கல்வராயன் மலையில், கரியாலூரில் நின்றது. என் மனைவி சரசு அங்கே ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ். முதல் குழந்தை பிறந்து ஒரு நாளுக்குமேல் தங்கவில்லை. இரண்டாவது கட்டாயம் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கவேண்டும் என்று கள்ளக்குறிச்சி டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். 'பத்து நாள் முன்னாடியே பஸ் ஏறிக் கீழே வந்துவிடுகிறேன்' என்று சரசு எழுதியிருந்தாள். மலைக்கு இருந்தது ஒரே பஸ். அது ஓடுமா என்பதுதான் என் கவலை. சரசு காலமாகி நான்கு வருஷமாகிறது. கடைசிவரை அவளிடம் சொல்லாததை இப்போது சொல்லலாம்.

தன் படுக்கையைத் தானே விரித்தவர்

கப்பலில் வருகிறவர்கள் எல்லாரும் கோடீஸ்வரர்கள் என்று நம் ஊரில் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஏறினேன். மூன்றாம் அறையில் இருந்த பாட்டி மெய்யாகவே பணக்காரி. வருஷத்தில் எட்டு மாதம் கப்பலிலேயே குடியிருப்பவர். ஆனால் அவருக்கு அடுத்த அறையில் இருந்தவர் பள்ளிக்கூட பஸ் டிரைவர். ஏழு வருஷம் சேர்த்துவைத்து இந்த ஏழு நாளைக்கு வந்திருந்தார். எதிர் அறையில் சோளம் பயிரிடுகிற அண்ணன் தம்பி இருவர். கப்பலின் சாப்பாட்டு மேசையில் யாருக்கு எவ்வளவு நிலம் என்பது பாட்டிக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது.

அந்த டிரைவரால் எனக்குத் தினமும் இரட்டை வேலை. நான் போவதற்குள் படுக்கையை விரித்து, குளியலறையைத் துடைத்து, துண்டையும் மடித்து வைத்திருப்பார். பதினோரு மணிக்கு மேற்பார்வையாளர் வந்து விரிப்பின் மூலைகளைப் பார்ப்பார். கப்பல் மடிப்பு வேறு, வீட்டு மடிப்பு வேறு. 'நீங்கள் இப்படிச் செய்தால் என் வேலை போய்விடும்' என்று ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"முப்பது வருஷமா ஊரான் வூட்டுப் புள்ளைங்க சீட்டுல ஒட்டினதெல்லாம் சொரண்டிக்கினு இருந்தவன்பா நானு. எனக்கு ஒருத்தன் தொடைக்கிறதப் பாத்துக்கினு குந்தியிருக்க வரல."

மிதவைச் சட்டை

கப்பல் புறப்படுகிற மாலையில் எல்லாரையும் மேல்தளத்தில் நிற்கவைத்து, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடக்கும். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டியதும் பாட்டியும் டிரைவரும் புதுமணத் தம்பதிகளும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் போல ஆகிவிடுவார்கள். பெயர் கூப்பிட்டு எண்ணுவது என் வேலை. ஒரு ஆள் குறைந்தாலும் முதலிலிருந்து எண்ணுவேன்.

ஒன்பதாம் அறைப் பெரியவர் மட்டும் ஒத்திகை முடிந்த பிறகும் சட்டையைக் கழற்றவில்லை. மறுநாள் விரிப்பு மாற்றப் போனேன், அதோடேயே படுத்திருந்தார். மூன்றாம் நாளும் அப்படியே. தண்ணீர் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கமாம். பிறகு ஏன் ஐயா கப்பலில் வந்தீர்கள் என்றேன். குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"எங்க வூட்டம்மாவுக்குக் கப்பல்ல போவணும்னு நாப்பது வருஷத்து ஆசை. கடலாச்சும் ஏழு நாள்ல முடிஞ்சிடும் தம்பி."

சலவை அறை ரேடியோ

அந்தப் பயணத்தின் மூன்றாம் நாள், திங்கட்கிழமை. சலவை அறையில் பக்கிரி சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று வைத்திருந்தான். சிற்றலையில் தமிழ்ச் செய்தி கிடைக்கும், பாதி இரைச்சலாக. பக்கிரி எலவனாசூர்கோட்டைக்காரன். கப்பலில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அடுக்குக் கட்டிலில் எனக்கு மேல் பங்க்கில் படுப்பான். அவன் தம்பி பி.ஏ. முடித்து ஐந்து வருஷமாக வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்தான்.

நான் அழுக்குத் துண்டு மூட்டையோடு போனபோது பக்கிரி ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றான். இடஒதுக்கீடு கேட்டு நம் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், விழுப்புரத்துக்குத் தெற்கே பஸ் எதுவும் ஓடவில்லை என்றான். எனக்குக் கரியாலூர் பஸ்தான் கண்முன் வந்தது. சரசு இறங்கி வரவேண்டிய வாரம் அது. மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பக்கிரி இஸ்திரிப் பெட்டியை அணைத்தான். அவனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னாண்ணே சொல்றது. அண்ணி வர்ற ரோட்டுல மரம் வுழுந்துகினு கீதுன்னா, அத வெட்டினவன்ல என் தம்பியும் ஒருத்தனாத்தான் இருப்பான்."

இரண்டு துண்டு குறைந்த அறை

மறுநாள் என் கைகள் என்ன செய்தன என்று எனக்கே தெரியாது. பன்னிரண்டாம் அறைக்காரர் எடைக்கல், தராசு சோதிக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தொங்குகிற விரிப்பு இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்று அளவு நாடா வைத்து அளப்பவர். அவர் அறையில் இரண்டு துண்டு குறைத்து வைத்துவிட்டேன். மணி அடித்தார். தொலைந்தோம் என்று ஓடினேன். என்னைப் பார்த்ததும் துண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 'உனக்கு உடம்புக்கு என்ன' என்றார். நான் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பயணிகளிடம் வீட்டுக்கதை பேசக்கூடாது என்பது கப்பல் சட்டம்.

மாலைக்குள் நடைபாதை முழுக்கத் தெரிந்துவிட்டது. மரத்தை எதற்கு வெட்டுகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நிறுத்திக் கேட்டார்கள். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கு உரிய பங்கைக் கொடு என்று கேட்கிறார்கள், என் சிநேகிதனின் தம்பியும் அங்கேதான் இருக்கிறான், மரத்துக்கு அந்தப் பக்கம் என் பெண்டாட்டி இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சோளக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். ஏழாம் அறையில் ஒரு கறுப்பின அம்மா, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நான் பாதி சொல்லும்போதே புரிந்துவிட்டது.

"சின்ன வயசுல நாங்களும் உரிமை கேட்டு ரோட்ல குந்தினவங்கதாம்பா. தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா எங்களுக்கு அந்தாண்ட எவன் பொண்டாட்டி காத்துக்கினு இருந்தாளோ, நான் அப்போ நெனைச்சே பாக்கல."

துறைமுகத்து போன்

வியாழக்கிழமை கப்பல் ஒரு தீவில் நின்றது. கரையில் இரண்டே இரண்டு போன் பெட்டிகள், நாற்பது பேர் வரிசை. எனக்கு ஒரு மணி நேரம்தான் அனுமதி. தராசுக்காரர் எனக்கு முன்பே இறங்கிப் போய் வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். முறை வந்ததும் என்னை முன்னே தள்ளிவிட்டு, பின்னால் முணுமுணுத்தவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஒன்பதாம் அறைப் பெரியவரும் மிதவைச் சட்டையோடு சற்றுத் தள்ளி நின்றார்.

கள்ளக்குறிச்சி ரைஸ் மில் நம்பர் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த போன் நம்பர். மூன்று ஆபரேட்டர்களைத் தாண்டி, லைன் கிடைத்தபோது அங்கே சாயங்காலம். மேஸ்திரி எடுத்தார். சரசு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாளா, யாரையாவது அனுப்பிக் கேட்டீர்களா என்று கத்தினேன். என் குரலே எனக்குத் திரும்பிக் கேட்டது. அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகவும், அவள் வரவில்லை என்றும் சொன்னார். பிறகு தானும் கத்தினார்.

"நாலு நாளா அடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்கே வண்டி இல்லீங்க. மலையிலேந்து ஒரு ஜனம் எறங்கல. அங்க இன்னா நடக்குதுன்னு இங்க யாருக்கும் தெரியாது. நீங்க வேற எங்கனா கேட்டுப் பாருங்க."

தலையணை மேல் உறைகள்

சனிக்கிழமை பழைய பயணிகள் இறங்கிப் போய், மூன்று மணி நேரத்தில் புதியவர்கள் ஏறிவிடுவார்கள். தபால் பையும் அன்றுதான் வரும். எனக்கு ஒன்றும் வரவில்லை. விரிப்பு உருவ அறைகளுக்குள் போனால், தலையணை மேல் உறைகள் இருந்தன. அவரவர் விலாசத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று ஒரு வரி எழுது என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. மொத்தம் பதினான்கு. டிரைவர் படுக்கையை விரித்துவிட்டே போயிருந்தார், மூலைகள் இந்த முறை கப்பல் மடிப்பில். தராசுக்காரரின் உறை நடுத் தலையணையின் நடுவில் இருந்தது.

அந்த உறைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. கெட்ட சேதி வந்தால் பதினான்கு பேருக்குப் பதினான்கு முறை எழுதவேண்டுமே. எல்லாவற்றையும் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அடுத்த வாரமும் அதே தீவில் இறங்கிப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையும் கடிதம் இல்லை. ஏறிய புதுப்பயணிகள் எதுவும் அறியாதவர்கள். பெரிய குடும்பமாக வந்திருந்த ஒரு தாத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாபா, நாங்க ஊரு சுத்த வந்துகிறோம், நீ எழவு வூட்டுக்கு வந்தவன் மாதிரி கதவத் தொறக்கற."

பத்தொன்பதாம் நாள்

ரேடியோவில் கேட்ட திங்கட்கிழமையிலிருந்து பத்தொன்பதாவது நாள், மூன்றாவது சனிக்கிழமை, கடிதம் வந்தது. உறையில் சரசுவின் கையெழுத்து. அதைப் பார்த்ததுமே உயிர் வந்தது. ஆனால் பிரிக்க வரவில்லை. பக்கிரியைத்தான் பிரிக்கச் சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை இரவே, குறித்த நாளுக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டதாம். சுகாதார நிலையத்திலேயே, மலைக்காரப் பெண்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வலிக்கு நடுவில் அவர்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று இவளே சொல்லிச் சொல்லிப் பெற்றிருக்கிறாள். பெண் குழந்தை. கொஞ்ச நேரம் அழவில்லை, பிறகு அழுதது. இதையெல்லாம் நான்கு வரியில் முடித்திருந்தாள். மீதி ஒரு பக்கம், என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. கடைசியில் இப்படி இருந்தது.

"பஸ் ஒரு வாரம் வரவில்லை. மழைக்காலத்தில் பதினைந்து நாள் வராது, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோட்டில் மரம் வெட்டிப் போட்ட சேதி குழந்தை பிறந்து ஏழாம் நாள்தான் இங்கே தெரிந்தது. எங்களுக்கே தெரியாதது கப்பலில் இருக்கிற உங்களுக்கு எங்கே தெரிந்திருக்கப்போகிறது. நல்லவேளை, நீங்களாவது கவலை இல்லாமல் இருந்திருப்பீர்கள்."

மேல் பங்க்

அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் சொன்னேன், சமையல்காரர்களிடம் சொன்னேன், பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்த அந்தத் தாத்தாவிடமும் சொன்னேன். வேலை முடிந்ததும் பெட்டிக்கு அடியிலிருந்து உறைகளை எடுத்து, கட்டிலில் உட்கார்ந்து, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று பதினான்கு முறை எழுதினேன். ஏழாம் அறை அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக.

பக்கிரி மேல் பங்க்கில் படுத்திருந்தான். அந்த மூன்று சனிக்கிழமையும் அவனும் தபால் பைக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. தம்பியைப் போலீஸ் பிடித்துப்போனதும், கடலூர் ஜெயிலில் வைத்திருந்து பிறகு விடுவித்ததும், கை எலும்பு முறிந்து கட்டுப்போட்டுக்கொண்டு வீடு வந்ததும் எங்களுக்குத் தெரிய இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அந்தச் சாயங்காலம் நான் பதினான்காவது உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது, மேலேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே, அண்ணி லெட்டர்ல மலைக்குக் கீழ நம்ம பசங்களுக்கு இன்னா ஆச்சின்னு ஒரு வரி கூடவா எழுதல?"

பதினெட்டு அறைகளில் உலகத்து மனிதர்கள் அத்தனை வகையையும் பார்த்துவிட்டவன் என்று இன்றைக்கும் கள்ளக்குறிச்சி டீக்கடையில் நான் பீற்றிக்கொள்வதுண்டு. எனக்கு மேல் பங்க்கில் படுத்திருந்தவனைப் பார்க்க மட்டும் எனக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது.