சுத்தியல் இல்லாமல் போட்ட கண்ணாடி

இன்று காலை கண்ணாடி போட வந்தவன், "ஆன்ட்டிஜி, ஹதோடி ஹை க்யா?" என்று கேட்டான். சுத்தியல் இருக்கிறதா என்று கேட்கிறான். மயூர் விஹாரில் நான் தனியாக இருக்கும் இந்த நான்காவது மாடி வீட்டில், புறா வலை கட்ட வந்தவர்கள் கம்பியை இடித்து விரிசல் விட வைத்த சன்னல் அது. பழைய கண்ணாடியைத் துண்டு துண்டாகக் கழற்றி வாளியில் போட்டான், புதியதைச் சுவரில் சாய்த்து வைத்தான், அதற்கப்புறம்தான் தன் பையில் சுத்தியல் இல்லை என்பதைக் கண்டுபிடித்தான். முந்தின வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான், புத்திசாலி. நான் என் பழைய பெட்டிக் கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள்ளே, என் கல்யாணச் சேலைக்கு அடியில், சுத்தியல் இருந்தது. "நஹி ஹை", இல்லை என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. அவன் நாளைக் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். தில்லியின் ஜனவரிக் காற்று தாராளமாக உள்ளே வந்தது.

நான் பொல்லாதவள். பணிவுக்காகச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதானால் மனசு பழுக்கும் என்பார்கள். எனக்குப் பல்தான் போனது. இந்தச் சுத்தியலை நான் முதன்முதலாக ஒளித்து வைத்தது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், கோல் மார்க்கெட் பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது. ஒளித்தது என் நாத்தனாரிடமிருந்து.

என் வீட்டுக்காரருக்கு மத்திய சர்க்காரில் குமாஸ்தா வேலை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் மாமனார் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு தங்கையையும் கூட்டிக்கொண்டு தில்லியில் வந்து இறங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயது, பி.காம்., முதல் வகுப்பு. ஊரில் இவருடைய பெரியப்பா அவளுக்கு ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், அரிசிக் கடை, இரண்டு பிள்ளைகள். "ஜனவரியில கிளார்க் பரீச்சை எழுதட்டும் பெரியப்பா. ரிசல்ட் வாரது வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்காதிய. வேலை கிடைச்சா அவ இங்கனயே இருந்துக்கிடுவா" என்று இவர் கெஞ்சித் தவணை வாங்கியிருந்தார். ஆக, அவள் தலையெழுத்து முழுவதும் அந்த ஒரு பரீட்சையில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எல்லாம் செய்தேன்.

அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. பாத்திரம் தேய்ப்பாள், என் மகனைக் குளிப்பாட்டுவாள், நான் ஏசினால் கேட்டுக்கொள்வாள். ஆனால் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அண்ணனும் தங்கையும் பொது அறிவுக் கேள்வி கேட்டு விளையாடுவார்கள். எந்த நாட்டுக்கு எது தலைநகரம், எந்த ஆறு எங்கே கடலில் விழுகிறது என்று. அவர் வாய்விட்டுச் சிரிப்பார். கல்யாணமான ஆறு வருஷத்தில் என்னோடு பேசி அவர் அப்படிச் சிரித்ததில்லை. ஒரு நாள் ஆசையாக நானும் ஒரு பதில் சொன்னேன். தப்பான பதில். "நீ ரசத்தக் கொண்டா" என்றார். அவள் சிரிக்கவில்லை, எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்திருந்தால்கூட அவளை விட்டிருப்பேன். பத்தாவதோடு என் படிப்பை நிறுத்திய என் அப்பாவின் மேல் வர வேண்டிய கோபம் எல்லாம் அந்தக் குனிந்த தலையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

குவார்ட்டர்ஸின் பின்பக்க வராந்தாவை மரச் சட்டமும் கண்ணாடிச் சன்னலும் வைத்து அடைத்து ஓர் அறை ஆக்கியிருந்தோம். அவளுக்கு அந்த இடம். டிசம்பரில் பின்சந்துப் பிள்ளைகள் அடித்த பந்து சன்னல் கண்ணாடியை உடைத்தது. அவர் காலனி கம்ப்ளெய்ன்ட் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நான்காம் நாள் தச்சன் வந்தான், கக்கத்தில் கண்ணாடி, கையில் சீட்டு. இவர் ஆபீஸில், அவள் டைப்பிங் கிளாஸில். வேலை முடிந்தது என்று வீட்டுக்காரர்கள் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், புகார் அத்தோடு முடிந்தது. நான் வாசலிலேயே சீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, "லக் கயா, ஜாவோ" என்றேன், போட்டாயிற்று, போ என்று. வேலை செய்யாமலே வேலை முடிந்தால் அவனுக்கு வலிக்கிறதா என்ன? கண்ணாடியைத் திரும்பக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனான். சாயங்காலம் இவரிடம், "கண்ணாடி ஸ்டாக் இல்லியாம்" என்றேன். "கவர்மெண்டு காரியம்னா அப்படித்தான்" என்று அலுத்துக்கொண்டார், கவர்மெண்டில் சம்பளம் வாங்குகிற மனுஷன்.

அவள் சன்னலில் செய்தித்தாளை ஒட்டினாள். பனியில் இரண்டே நாளில் நனைந்து தொங்கியது. அட்டையை வைத்துக் கட்டினாள், இடுக்கு வழியாகக் காற்று வந்தது. "முன் ரூம்ல வந்து படி" என்று அவர் கூப்பிட்டார். "லைட்டு எரிஞ்சா பிள்ளை முழிச்சுக்கிடுவான்" என்றேன் நான். "எனக்கு இங்கனயே போதும் அண்ணன்" என்று அவளே சொல்லிவிட்டாள். இரண்டு ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், உடம்பைச் சுற்றி ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை. பேனா பிடிக்கிற கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், விரல் நுனி நீலம் பாரித்திருக்கும். "குளிருதாட்டி?" என்று கேட்பேன். "தை பொறந்தா வழி பொறக்கும் மதினி" என்று பல் கிடுகிடுக்கச் சிரிப்பாள். "பொறக்கும், பொறக்கும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் வந்து, அடுப்போரம் உட்கார்ந்து காப்பி குடிப்பேன். அந்த மாசம் குடித்த காப்பியின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் ஒரு காரியம் செய்தாள். பஸ்ஸில் போகாமல் நடந்தே கிளாஸுக்குப் போய் மிச்சம் பிடித்து, சன்னல் அளவுக்கு ஒரு கண்ணாடியை வெட்டி வாங்கி, பழைய சேலையில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே வெள்ளைப் பொடி ஒரு பொட்டலம், எண்ணெய் ஒரு சீசா, பொடி ஆணி கொஞ்சம். பொடியில் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் கண்ணாடியை ஒட்டுகிற புட்டி. கடைக்காரன் பக்குவம் எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தான். கண்ணாடியைச் சட்டத்தில் வைத்து, நாலு பக்கமும் ஆணி அடித்து நிறுத்தி, அதற்கு மேல் புட்டியை அமுக்கிப் பூச வேண்டும். அண்ணன் வருவதற்குள் போட்டு முடித்து அவரை அசத்த வேண்டும் என்று அவளுக்குத் துடிப்பு. கொழுக்கட்டைக்குப் பிசைவதுபோல் பிசைந்து வைத்துவிட்டு வந்து, "மதினி, சுத்தியல் எங்கன இருக்கு?" என்று கேட்டாள். அவள் கண்ணாடியோடு வாசல் ஏறும்போதே நான் அதைக் கட்டில் பெட்டிக்குள் போட்டு மூடியிருந்தேன்.

"எனக்கென்ன தெரியும்? ஒங்க அண்ணன் எங்கன போட்டாவளோ" என்றேன். பக்கத்து வீட்டில் கேட்கிறேன் என்று கிளம்பினாள். "ஒரு சுத்தியலுக்கு வக்கில்லாத வீடுன்னு காலனி சிரிக்கணுமாட்டி?" என்று தடுத்தேன். அம்மிக் குழவியால் ஆணியைத் தட்டிப் பார்த்தாள். கண்ணாடி கிண்ணென்று அதிரவும் பயந்து வைத்துவிட்டாள். கடைசியில் ஆணி இல்லாமலே கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, சுற்றிலும் புட்டியைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி ஒட்டினாள். "இது காய பத்து நாள் ஆகுமாம் மதினி. அதுவரைக்கும் சன்னலைத் தொறக்கக் கூடாது. அப்புறம் கல்லு கணக்கா ஆயிரும்" என்று என்னிடமே வந்து சொன்னாள். திருடனிடமே சாவியைக் கொடுத்த கதைதான். சாயங்காலம் அவர் பார்த்துவிட்டு, "ஏயப்பா, நம்ம வீட்டு இன்ஜினியரு!" என்று அவள் முதுகில் தட்டினார். 

மறுநாள் காலை அவர் பால் வாங்கப் போயிருந்தார். அவள் ரஜாயைத் தலைவரை மூடிப் படுத்திருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த அறை அறையாக இருந்தது. நான் கொக்கியை நீக்கிச் சன்னல் கதவை அகலத் திறந்தேன். பலம் கொண்ட மட்டும் அறைந்து சாத்தினேன். கண்ணாடி முழுசாகப் பெயர்ந்து, வெளியே சிமெண்டுத் தரையில் விழுந்து நொறுங்கியது. புட்டி மட்டும் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. "காத்து! என்னா காத்து!" என்று கத்தினேன். வெளியே ஓர் இலை அசையவில்லை. ரஜாய்க்குள்ளிருந்து, "சரி மதினி" என்று மட்டும் குரல் வந்தது. அவர் பாலோடு உள்ளே நுழைந்ததும், "ஒங்க இன்ஜினியரு வேலையப் பாருங்க" என்று நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பரீட்சை முடியட்டும் பார்க்கலாம் என்று மறுபடியும் அட்டையை வைத்துக் கட்டினார். அவரும் ஒன்றும் பெரிய உத்தமர் இல்லை.

ஐந்தாம் நாள் அவளுக்குத் தொண்டை கட்டியது. ஏழாம் நாள் இருமல். முன் அறையில் படுக்கட்டும் என்றார். பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்றேன். பரீட்சையன்று காலை தலைக்குக் குளிக்கப் போனவள் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உடம்பு கொதித்தது, மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்றது. "ஆட்டோ கூப்பிடுங்க அண்ணன், நேரமாச்சு" என்று அந்த நிலையிலும் ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ வந்தது. பரீட்சை ஹாலுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனது. நிமோனியா என்றார்கள். பன்னிரண்டு நாள் கிடந்தாள். அதற்குள் பெரியப்பாவின் கடிதம் வந்துவிட்டது: 'எழுதாத பரீட்சைக்கு எதற்கு ரிசல்ட்? தை கடைசியில் முகூர்த்தம்.' தை பிறந்து வழியும் பிறந்தது, நியூ தில்லி ஸ்டேஷன் வழியாக. வழிக்கு நான்தான் புளிசாதம் கட்டிக் கொடுத்தேன்.

அவள் போன மூன்றாம் நாள் நானே புகார் எழுதிப் போட்டேன். அதே தச்சன் வந்தான். காய்ந்த புட்டியை உளியால் பெயர்க்கப் போனவன் கொஞ்சம் நின்று பார்த்தான். சட்டத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டைவிரல் பதிவுகள், ரேகை தெரிய, இடைவெளி பிசகாமல். கண்ணாடி இல்லாத வெறும் ஓட்டையைச் சுற்றி அவை கல்லாக இறுகியிருந்தன. யார் போட்டது, கை நல்ல கை என்றான். ஆணி மட்டும் அடித்திருந்தால் பூகம்பம் வந்தாலும் அசைந்திருக்காது என்றான். நான் டீ போடப் போனேன்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காரியத்துக்கு அவள் வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை, அவள் புருஷன் இவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். தான் வளர்த்த பிள்ளைகள் இன்றுவரை சித்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று சாதாரணமாகச் சொன்னாள். பேச்சுக்கு நடுவே இருமல், அந்தப் பழைய கீச்சு. பதினாறாம் நாள் அவர் படத்தைச் சுவரில் மாட்ட ஆணி அடிக்க வேண்டியிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நேரே என் அறைக்குப் போனாள், மெத்தையைச் சுருட்டினாள், கட்டில் பலகையைத் தூக்கினாள், என் கல்யாணச் சேலைக்கு அடியில் கையை விட்டுச் சுத்தியலை எடுத்தாள். 

"அப்பமே தெரியுமா?" என்றேன்.

"நீங்க பலகையைத் தூக்குத சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சே மதினி. மறுநாளும் நான் முழிச்சுத்தான் கெடந்தேன்."

"பின்னே ஏன் எடுக்கல? ஒங்க அண்ணன்ட்ட ஏன் சொல்லல?"

"எடுத்தா எனக்குத் தெரிஞ்சுட்டுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுரும். அன்னைக்கே என்னை ரயிலேத்தியிருப்பிய. பரீச்சைக்குப் பத்து நாளுதான இருந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துரலாம்னு பாத்தேன்." சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறி, நாலே அடியில் ஆணியை இறக்கி, அண்ணனை மாட்டினாள். சுத்தியலை என் கையில் கொடுத்து, "இருந்த எடத்துலயே வச்சிருங்க" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள். அவளிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குப் போன பிறகு எப்போதாவது போன் பண்ணுவாள், தை மாசத்தில் மட்டும் அடிக்கடி. முதலில் இருமல் வரும், பின்னாலே குரல் வரும். அங்கே குளிர் எப்படி என்று கேட்பாள். குளிரே இல்லை என்பேன்.

இப்போது சாயங்காலம் ஆகிவிட்டது. சன்னல் வெறும் சட்டமாக நிற்கிறது, ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போட்டும் எனக்குப் பல் கிடுகிடுக்கிறது. மிச்சம் இருக்கிற பல்தான். சற்று முன் போன் அடித்தது. இருமி முடித்துவிட்டு, "குளிரா மதினி? கொரல் நடுங்குதே" என்றாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "சன்னல் கண்ணாடி ஒடைஞ்சு போச்சுட்டி. போட வந்தவன்ட்ட சுத்தியல் இல்ல" என்றேன்.

 அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மூச்சு வாங்கக் கேட்டாள்: "ஒங்க சுத்தியல் எங்கன இருக்குன்னு ஞாபகம் இருக்குல்லா மதினி?"

"இருக்கு" என்றேன். அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.