குலுக்காமல் விட்ட மருந்து

டீசல் பம்பு மெக்கானிக் என்றால் யாருக்கும் தெரியாது, ‘கசடு’ என்று கேட்டால் கடை வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எந்த வண்டி வந்து நின்றாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை அதுதான். டீசலைத் தெளியவைத்து மேலாக எடுத்துத்தான் ஊற்றுவார். கலங்கலாக ஒரு சொட்டு உள்ளே போனாலும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் தேய்ந்துவிடும் என்பார். சொன்னதோடு விடுவாரா? லாரிக்காரனின் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவார். ஆனால் வேலையில் மனுஷன் கெட்டி. கழற்றிய நாசிலைச் சோதனை மேடையில் மாட்டி, கைப்பிடியை அழுத்தி, சீறி வரும் டீசலைப் பார்ப்பார். நாலு பக்கமும் புகைபோல ஒரே சீராக விரிய வேண்டும். அழுத்தம் பார்க்க மீட்டர் உண்டு, சீர் பார்க்கக் கண்தான். இடது கண் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மங்கல். வலது கண்ணை வைத்துத்தான் பிழைப்பு.

அந்தக் கண்ணில்தான் கம்பி பிரஷ்ஷின் இழை ஒன்று தெறித்துக் குத்தியது. பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டால் சரியாகத் தெரிவதில்லையாம். “இப்ப நல்லா தெரியுதா?” என்று ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் அழுதுகொண்டே கேட்டாள் மனைவி.

கண் டாக்டர் இழையை எடுத்துவிட்டு இருவரையும் உட்காரவைத்தார்.

“காயம் கருவிழிக்கு நடுவுல இருக்கு. புண்ணு ஆறிடும். ஆறுற இடத்துல தழும்பு விழுந்தா, கண்ணுல பூ விழுந்த மாதிரி பார்வையை மறைச்சிடும். அதுதான் என் கவலை.”

“என் வேலைக்கு இந்தக் கண்ணு வேணும் டாக்டர்,” என்றார் கசடு.

“அதுக்குத்தான் புது மருந்து தர்றேன். சாதாரணச் சொட்டு மருந்து கண்ணீரோட வழிஞ்சு போயிடும். இதுல மருந்தை நானோ துகளுக்குள்ள அடைச்சு வச்சிருக்காங்க. கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. கருவிழியில ஒட்டிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா மருந்தை விடும். தழும்பு விழாமப் பாத்துக்கும். ஆனா வச்சிருந்தா அடியில படியும், நல்லா குலுக்கிட்டு விடணும்.”

கசடு தலையை ஆட்டினார். அந்த வலியில் எதற்கு வேண்டுமானாலும் ஆட்டியிருப்பார்.

வீட்டில் மனைவி கண்ணாடிக் குப்பியைக் குலுக்கியதும் மருந்து பால் மாதிரி ஆனது. வந்ததே கோபம்.

“என்னடி இது, இப்படிக் கலங்கிக் கிடக்கு? வை கீழ.”

“டாக்டர்தாங்க குலுக்கச் சொன்னாங்க.”

“துகள்னு அவங்க வாயாலயே சொன்னாங்கல்ல? இரும்பையே தேய்க்குது, கண்ணை விட்டுடுமா? தெளியட்டும். மேலாப்ல எடுத்து விடு.”

ஒற்றைக் காலில் நின்றார். அவளும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், மனுஷன் மசியவில்லை. குப்பி அலமாரியில் அசையாமல் நின்றது. வேளை தவறாமல் சொட்டுக்குழாயின் நுனியை மட்டும் நனைத்து, தெளிந்ததை உறிஞ்சி அவர் கண்ணில் விட்டாள். ‘பாத்தியா, எரிச்சலே இல்ல’ என்று பெருமை வேறு.

மறுபடி போனபோது டாக்டர் வெகுநேரம் பார்த்தார். புண் ஆறியிருந்தது. ஆனால் அதன் மேல் மேகம்போல ஒன்று படர ஆரம்பித்திருந்தது. குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் வெள்ளையாக, கெட்டியாகப் படிந்து கிடந்தது.

“மருந்து பூரா இங்க இருக்கு. மேல இருந்த தண்ணியைத்தான் விட்டிருக்கீங்க.”

பக்கத்திலிருந்த நர்ஸ் மனைவி பக்கம் திரும்பினாள். “நீங்கதானேம்மா மருந்து விட்டீங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னோமே.”

மனைவி அவரை ஒருமுறை பார்த்தாள். “ஆமாங்க. நான்தான் மறந்துட்டேன்.”

“மறக்கிற விஷயமா இது? அவர் கண்ணும்மா.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்றுகூடக் கசடு ஒரு கணம் நினைத்தார். பிறகு அந்த நினைப்பே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

“அவளைச் சொல்லாதீங்க. அவ குலுக்கினா. நான்தான் கத்தி நிறுத்தினேன். கசடுன்னு நெனச்சுட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் புதுக் குப்பி எழுதிக் கொடுத்தார். “படர்றதை நிறுத்திப் பாக்கலாம். எவ்வளவு தெளியும்னு இப்ப என்னால சொல்ல முடியாது.”

அதற்குப் பிறகு வேளாவேளைக்கு அவள் குலுக்கினாள், அவர் அண்ணாந்து காட்டினார். காலையில் எழுந்ததும் முதல் வேலை, ஜன்னல் கம்பியைப் பார்ப்பது. ஒருநாள் கூர்மையாகத் தெரியும், மறுநாள் மங்கும். “தெரியுதாங்க?” என்று அவள் கேட்டால் “ம்” என்பார். பயத்தை வெளியே சொல்லவும் பயமாக இருந்தது.

கடைசியில் டாக்டர், “நடுவுல தெளிஞ்சிருக்கு. ஓரத்துல லேசா ஒரு தழும்பு நின்னுடுச்சு. வேலை செஞ்சு பாத்துத்தான் தெரியும்,” என்றார்.

பட்டறைக்குப் போக அவருக்குக் கால் எழவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்து, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டார். நாசிலைப் பூட்டி விளக்கைப் போட்டுக் கைப்பிடியை அழுத்தினார். டீசல் சீறியது. ஒரு பக்கம் மட்டும் சீர் குலைந்தாற்போலத் தெரிந்தது. அது நாசிலின் கோளாறா, தன் கண்ணின் கோளாறா? வாழ்நாளில் வேலை விஷயமாக மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிராத மனுஷன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

“கிட்டப் போகாம, இங்க நின்னு பாத்துச் சொல்லு. நாலு பக்கமும் ஒரே மாதிரி வருதா?”

மறுபடி அழுத்தினார். அவள் நிதானமாகப் பார்த்தாள். பதில் வருவதற்குள் அவருக்கு உயிர் போய் வந்தது.

“இல்லையேங்க. சுவர்ப் பக்கமா வர்றது மட்டும் விரியாமச் சொட்டுது.”

“எனக்கும் அங்கதான் சொட்டுறது தெரியுது,” என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.